மாற்று முழங்கால் மடக்கும்போது ஆடுகிறது: லைனரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேட்பவர்: இயன்முறை
நோயாளிக்கு வயது 66, முழங்கால் மாற்று முடிந்து 14 மாதம். நீட்டி நின்றால் கெட்டியாக இருக்கிறது. படி இறங்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் நழுவுகிறது, அடிக்கடி நீர் கோக்கிறது. எக்ஸ்ரேயில் பாகம் எதுவும் தளரவில்லை. நடுவிலுள்ள பிளாஸ்டிக் லைனரைத் தடிமனாக்கினால் தீருமா?

எலும்புமூட்டு
பெரும்பாலும் தீராது. இது மடக்கு நிலைத் தளர்ச்சி போலிருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, 90 டிகிரியில் டிபியாவை (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) முன்னால் இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். லைனர் நீட்டல் இடைவெளியையும் (கால் நீண்டிருக்கும்போது இரு எலும்புக்கும் நடுவே உள்ளது) மடக்கல் இடைவெளியையும் (மடங்கியிருக்கும்போது உள்ளது) சேர்த்தே அடைக்கும். இங்கே நீட்டல் இடைவெளி சரியாக இருக்கிறது. 4 மி.மீ. கூட்டினால் மடக்கும்போது ஆடாது, ஆனால் கால் முழுசாக நீளாது. அது புதுத் தொல்லை. இரண்டு இடைவெளியும் ஒரே அளவு தளர்ந்து, பாகங்கள் சரியான கோணத்தில் இருந்தால்தான் லைனர் மட்டும் மாற்றலாம்.

காரணத்தைத் தேடுங்கள்: தொடையெலும்புப் பாகம் சிறிய சைஸா? டிபியா வெட்டு பின்பக்கம் அதிகம் சரிந்திருக்கிறதா? பின் சிலுவைத் தசைநாரை (முழங்காலுக்குள் இரு எலும்பையும் பிணைக்கும் பின்பக்க நார்) விட்டுவைத்த வகை என்றால், அது பிறகு அறுந்ததா?

ஆய்வக மேசை
அதற்கு முன் தொற்று இல்லை என்று உறுதி செய்யுங்கள். நீர் கோக்கும் மூட்டில் இதைத் தாண்டிப் போகவே கூடாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகள்), பிறகு மூட்டு நீர்ப் பரிசோதனை. நாட்பட்ட நிலையில் அந்த நீரில் வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000-க்கு மேல், அதில் நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு) 80 சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே நீரை எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

கேட்பவர்: இயன்முறை
தொற்று இல்லை என்றால் பயிற்சிக்கு எவ்வளவு காலம் கொடுக்கலாம்?

தசைப்பயிற்சி
மூட்டு விலகாத வரை 3 மாதம். முன் தொடைத் தசையை இறுக்கி 5 நொடி பிடிப்பது, 10 முறை, 3 சுற்று. பிறகு நேர்க்கால் தூக்கல், 40 டிகிரிக்குள் அரைக் குந்து. ஆழமாகக் குந்தவைக்காதீர்கள். கீல் வைத்த பிரேஸ் பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஓரளவு உதவும், இந்த மடக்கு நிலைத் தளர்ச்சிக்கு அவ்வளவாக உதவாது.

எலும்புமூட்டு
அதற்கும் அடங்காவிட்டால் மறு அறுவை. பெரிய சைஸ் தொடையெலும்புப் பாகம், அதன் பின்னால் உலோகத் துண்டு, டிபியா சரிவைக் குறைப்பது, பின் சிலுவைத் தசைநாருக்குப் பதில் வேலை செய்யும் நடுமுளை வைத்த லைனர். உள்பக்கத் தசைநார் பலவீனமென்றால் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கூடுதல் பிடிப்புள்ள வகையும், எலும்புக்குள் இறங்கும் தண்டும். அறவே இல்லையென்றால் கீல் மூட்டு. கீலை முதலிலேயே எடுக்கவேண்டாம். பிடிப்பு கூடக்கூட சுமை சிமெண்டில் இறங்கும், பாகம் தளரும்.