குரோசாவா மாங்கா: எங்கே தொடங்கலாம், எங்கே நிதானிக்கலாம்

கைஜி என்பவன் சூதாட்டத்தில் இறங்கும் "கைஜி" தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் "சாய்க்யோ தென்செட்சு குரோசாவா" என்ற மாங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) முதலில் தடுமாறுகிறார்கள். வரைந்தவர் அதே நொபுயுகி ஃபுகுமோட்டோ, அதே கூரிய மூக்கு, அதே ஆறாய் ஓடும் கண்ணீர். ஆனால் சீட்டுக்கட்டு இல்லை, கடன்காரன் இல்லை. கட்டுமான வேலை பார்க்கும் குரோசாவா என்ற 44 வயது மனிதர் ஒருவர், கல்யாணம் ஆகாதவர், தன்னை நாலு பேர் மதிக்கவேண்டும் என்று தவிக்கிறார். அவ்வளவுதான் கதை. 2003 முதல் 2006 வரை பிக் காமிக் ஒரிஜினல் என்ற ஜப்பானிய மாங்கா இதழில் தொடராக வந்தது, மொத்தம் 11 தொகுதிகள். அந்த இதழின் வாசகர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போகும் நடுவயது ஆண்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அடி யார்மேல் விழுகிறது என்று புரியும்.

முதல் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டாதீர்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்து, ஊரே கத்துகிறது, இவரும் சேர்ந்து கத்துகிறார். நடுவில் சட்டென்று உறைக்கிறது: இந்தப் பரவசம் மைதானத்தில் ஓடுகிறவனுடையது, நம்முடையது அல்ல. பின்னால் வரும் கோமாளித்தனம் எல்லாம் இந்த ஒரு உறைப்பிலிருந்துதான் கிளம்புகிறது.

*

மேலே எழுதிய நண்பர் சொன்னது சரி. ஆனால் சூதாட்டம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பந்தயப் பணம் சின்னது, கணக்கு அதேதான்!

மீன் பொரியல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஜி என்ற கடல்மீனை விரித்து, மாவு, முட்டை, ரொட்டித்தூள் தடவிப் பொரிப்பது ஜப்பானில் சர்வ சாதாரணம், கடையில் மலிவாகவே கிடைக்கும். குரோசாவா அதை வாங்கி, சக தொழிலாளிகளின் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் ஆளுக்கு ஒன்றாக ரகசியமாக வைக்கிறார். இதில் மரியாதை எப்படி வரும் என்பதற்கு மனதுக்குள் நீண்ட தர்க்கம் ஓடுகிறது, கைஜி உயிரைப் பணயம் வைக்கும்போது ஓடுமே, அதே தீவிரத்தோடு. ஓட்டை ஒன்றே ஒன்றுதான். ஒளிந்து கொடுத்தால் கொடுத்தவன் பெயர் தெரியாது. நானே வைத்தேன் என்று சொன்னால் கொடுத்ததன் அழகு போய்விடும். இரண்டு பக்கமும் பூட்டிய கதவு. ஆகவே அந்த மனப்பேச்சைத் தாண்டிப் படித்தால் சிரிப்பே வராது, மீன் மட்டும்தான் மிஞ்சும்.

இதே நேரம் அகாமாட்சு என்ற இளைய மேற்பார்வையாளருக்கு ஒரு முயற்சியும் இல்லாமல் எல்லாரும் மரியாதை கொடுக்கிறார்கள். அவரைக் கெட்டவனாக வரையாதது ஃபுகுமோட்டோவின் சாமர்த்தியம். அவர்மேல் கோபப்படக்கூட நமக்கு வழியில்லை.

*

மேலே எழுதிய இருவரும் பொம்மையை விட்டுவிட்டீர்களே. ஜப்பானில் சாலை வேலை நடக்கும் இடங்களில் தலைக்கவசமும் சீருடையும் மாட்டிய மனித உருவப் பொம்மை ஒன்று நின்று, வண்டிகளை எச்சரிக்கக் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாரோ என்று கூப்பிட்டு குரோசாவா நட்பு கொள்கிறார். கேலிக்காக வைத்ததுதான், ஆனால் மழையோ வெயிலோ நின்ற இடத்தில் நின்று, யாரும் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்வதில் இருவருக்கும் வித்தியாசம் அதிகமில்லை. ஃபுகுமோட்டோவே கொஞ்ச காலம் கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வேலையிடக் காட்சிகளை அந்த நினைப்போடு பாருங்கள்.

*

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் சில.

படிப்பது வலமிருந்து இடம், மேலிருந்து கீழ். சுவர் சுவராக நிற்கும் "ஸவா ஸவா" எழுத்துகள் வெறும் ஒலிக்குறிப்பு. மனம் கலங்கும்போது வரும், அர்த்தம் தேடி நிற்கவேண்டாம். ஒரே மூச்சில் நாலைந்து தொகுதி படித்தால் புலம்பல் சலிக்கும். இதழில் விட்டுவிட்டு வந்த தொடர், அப்படியே இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது.

பள்ளி மாணவர்களோடு சண்டை தொடங்கும் இடத்தில் கதையின் நிறம் மாறும். மரியாதை தேடிய ஆள் அடிதடிக்குள் இழுபடுகிறார். நகைச்சுவை குறைந்துவிட்டது என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அவசரம் அது. பூங்காவில் வீடில்லாதவர்களோடு சேர்ந்து நிற்கும் கடைசிப் பகுதிதான் முழுத் தொடரிலும் கனமானது.

2013இல் தொடங்கிய இரண்டாவது தொடரை முதலில் கையில் எடுக்காதீர்கள். குரோசாவா 8 வருட மயக்கத்திலிருந்து விழித்தெழுவதுதான் அதன் ஆரம்பம், 11ஆம் தொகுதியின் முடிவு முதல் பக்கத்திலேயே அம்பலமாகிவிடும். (நானும் இதோ சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)