தம்பி ஐ.டி.ஐ.யில் முதலிடம். வீட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, என்ன செய்யலாம்?

மணப்பாறை அக்கா:

வணக்கம். என் தம்பி அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் ஃபிட்டர் டிரேடு இரண்டு வருடம் முடித்திருக்கிறான். போன வாரம் ரிசல்ட் வந்தது. அவனுடைய யூனிட்டில் 20 பேர், இவன்தான் முதல். அதை அவன் என்னிடம் சொன்ன அழகைக் கேளுங்கள்: "அக்கா, போனுக்கு ரீசார்ஜ் பண்ணிவிடு. அப்புறம், நான் பாஸ். ஃபர்ஸ்ட்டாம்."

எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் டூவில் 560 வாங்கினாள். பள்ளிக்கூட வாசலில் அவள் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நல்ல பிள்ளை, எனக்குப் பொறாமை இல்லை (சரி, கொஞ்சம் இருக்கிறது). அம்மா அந்த வீட்டுக்கே போய்த் திருநீறு பூசி, 200 ரூபாய் கையில் வைத்துவிட்டு வந்தார். அதே அம்மா தம்பியிடம் கேட்டது ஒன்றுதான்: "கம்பெனியில எப்பக் கூப்பிடுவாங்க?" அப்பா அதுகூடக் கேட்கவில்லை. சித்தப்பா மட்டும் போன் செய்து, "மார்க்கு குறைஞ்சுதான ஐ.டி.ஐ. போனான், அங்கயாவது படிச்சானே" என்றார். வாழ்த்துகிறாராம்.

சான்றிதழை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தோம். கடைக்காரர் கேட்காமலேயே லேமினேட் செய்து, அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார். இரண்டு வருடப் படிப்பு அந்தக் கடை வாசலில், பத்து நிமிடத்தில் முடிந்துபோனது.

நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். 4,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். வாட்ச் வாங்கலாமா, சட்டை வாங்கலாமா என்று யோசிக்கும்போதுதான் உறைத்தது, அவன் என்ன கற்றுக்கொண்டான் என்றே எனக்குத் தெரியாது. முதல் வருடம் முழுக்க வலது உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது. கேட்டால் "ராவுறோம்க்கா" என்பான். அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதை எப்படிக் கொண்டாடுவது?

துவாக்குடி ஃபிட்டர் (ஓய்வு):

வாழ்த்துகள் அம்மா. வாட்ச் வேண்டாம். மெஷின் ஓடுகிற இடத்தில் அதைக் கழற்றித்தான் வைக்கச் சொல்வார்கள்.

கொப்புளத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஃபிட்டர் பையன் கையில் முதலில் கொடுப்பது அரம். ஒரு இரும்புத் துண்டை வைஸில், அதாவது மேசையில் பொருத்திய இறுக்கிப்பிடிக்கும் கருவியில் பிடித்து, அதன் ஒரு பக்கத்தைச் சமமாக ராவ வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். கை முன்னே போகும்போது ஒரு பக்கம் அமுங்கும், பின்னே வரும்போது மறுபக்கம் தூக்கும். துண்டு நடுவில் மேடாகி, ஓரங்களில் சரிந்துவிடும். முதல் மாதம் எல்லாருக்கும் இதே கதைதான். ராவியபின் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டம்) அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் வெளிச்சம் ஒழுகினால் வாத்தியார் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் என்றுகூடச் சொல்ல மாட்டார். வெளிச்சமே சொல்லிவிடும்.

அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் ஜோடித் துண்டுகள் வரும். சதுரம், டி வடிவம், டவ்டெயில் என்று. டவ்டெயில் புறாவின் வால் மாதிரி விரிந்திருக்கும், பக்கவாட்டிலிருந்து வழுக்கிக்கொண்டுதான் உள்ளே போகும். அதில் வித்தியாசம் 0.04 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்துப் பாருங்கள், அதன் தடிமனே பெரும்பாலும் அதைவிட அதிகம். உங்கள் தம்பி அதை வெறும் அரத்தால், கையால் கொண்டுவந்திருக்கிறான். 20 பேரில் முதல் என்றால் கை படிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் 1978இல் ராவிய முதல் ஜாப் (பயிற்சிக்குச் செய்யும் துண்டை அப்படித்தான் சொல்வோம்), உருண்டைக் கம்பியிலிருந்து எடுத்த ஆறுமுகக் கட்டை. வாத்தியார் பார்த்துவிட்டு "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். பெரிய விருது மாதிரி அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதை அடுக்களையில் வைத்து ஏலக்காய் தட்டினார், இஞ்சி நசுக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா போய் 11 வருடம் ஆகிறது. ரிட்டயர்மெண்டில் கொடுத்த வெள்ளித்தட்டு எந்த பீரோவில் இருக்கிறதென்று தெரியாது. அந்தக் கட்டை இன்னும் அடுக்களையில்தான் இருக்கிறது, ஆறு முனையும் மழுங்கிப்போய்.

வாங்குவதென்றால் நல்ல கம்பெனி வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்குங்கள், தடிமன், விட்டம், ஆழம் எல்லாம் நுணுக்கமாக அளக்கிற கருவி. 150 மி.மீ. அளவு, 0.02 மி.மீ. வரை காட்டுவது போதும். டிஜிட்டல் வேண்டாம், பேட்டரி போனால் பொம்மை. போலி நிறைய உலாவுகிறது, அதனால் திருச்சியில் பில் போட்டுக் கொடுக்கிற கருவிக் கடையில் வாங்குங்கள். அதன் மரப்பெட்டியிலோ உறையிலோ அவன் பெயரை எழுதிவிடுங்கள். கருவிமேல் பொறிக்க வேண்டாம்.

நேரா_பேசு:

கொண்டாட்டமெல்லாம் இருக்கட்டும். ஐ.டி.ஐ.யில் முதலிடம் எடுத்த எத்தனை பேர் இன்று காண்ட்ராக்டில் தினக்கூலிக்கு நிற்கிறார்கள் தெரியுமா? அவனுக்குத் தேவை காலிப்பர் இல்லை, நல்ல சம்பளம். மாலை போட்டுப் படம் எடுத்துவிட்டு மறந்துவிடுகிற வேலையை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், நீங்களும் செய்யாதீர்கள். முதலில் அப்ரண்டிஸுக்கு, அதாவது கம்பெனியில் பழகுநர் பயிற்சிக்கு, பதிவு செய்தானா என்று கேளுங்கள்.

மணப்பாறை அக்கா:

@நேரா_பேசு அண்ணா, பதிவு செய்துவிட்டான், இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. வேலை கிடைத்தபிறகுதான் சந்தோஷப்பட வேண்டும் என்றால் 560 வாங்கிய பெண்ணுக்கும் அதுதானே சட்டம்?

@துவாக்குடி ஐயா, ஏலக்காய் கதையைக் கடையில் கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் செய்த துண்டு கிடைக்குமா? ஐ.டி.ஐ.யில் கொடுப்பார்களா?

பட்டறை வாத்தியார்:

நான் அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்றுநர், வேறு மாவட்டம். தேர்வில் செய்த ஜாப்பைக் கேட்காதீர்கள், அது கணக்கில் இருக்கும். பயிற்சியில் செய்தவை வேறு. அவற்றில் நல்லதை நாங்கள் காட்சிக்கு வைப்போம், மீதி ஸ்கிராப்புக்குப் போகும். தம்பியை நேராகப் போய் அவன் பயிற்றுநரிடம் கேட்கச் சொல்லுங்கள். முதல் மாணவன் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

விழா பற்றியும் சொல்கிறேன். ஐ.டி.ஐ.க்கு ரொம்ப காலம் பட்டமளிப்பு என்று ஒன்று கிடையாது. ஐ.டி.ஐ. படிப்புகள் நடக்கிற கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. நாடு முழுக்க ஐ.டி.ஐ.க்களுக்கென்று முதல் பட்டமளிப்பு விழா நடந்தது 2022 செப்டம்பர் 17 அன்று, விசுவகர்மா ஜெயந்தியில். நடுவே 72 வருடம் ஓடிவிட்டது. அதற்குள் எத்தனை லட்சம் பேர் ஜன்னலில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்களோ. நானும் அந்த ஜன்னலில் வாங்கியவன்தான்.

ஆனால் மேடை போட்டால் மட்டும் சரியாகிவிடாது. எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் 40 நிமிடம் பேசினார், தன் பெண் டாக்டருக்குப் படிப்பதைப் பற்றி. பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு அம்மா என்னிடம் வந்து, "சார், எம்பையன் எந்த இடத்துல நின்னு வேலை பார்ப்பான்?" என்றார். பட்டறைக்குக் கூட்டிப்போய் அவன் நின்ற வைஸைக் காட்டினேன். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்தச் சட்டையில் கிரீஸ் கறை துவைத்தவர், கறை எங்கிருந்து வந்ததென்று அன்றைக்குத்தான் பார்த்தார். அடுத்த முறை எங்கள் நிலையத்தில் மேடையைச் சின்னதாக்கிவிட்டு, பட்டறையைத் திறந்து வைத்தோம். ஒவ்வொரு பையனும் தன் ஜாப்பை மேசையில் வைத்துக்கொண்டு நின்றான். சுண்டல் செலவு மட்டும்தான்.

சித்தப்பாவுக்குச் சொல்ல இரண்டு செய்தி. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர்கள் தமிழ், ஆங்கிலம் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்குச் சமமான சான்று வாங்கலாம். டிப்ளமாவில் நேரடியாக இரண்டாம் வருடமும் சேரலாம்.

தம்பிக்கு என்ன வயது? பல நாட்டு இளைஞர்கள் தொழில் திறமையில் மோதும் உலகத் திறன் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பெரும்பாலான பிரிவுகளில் 22 வயது வரைதான் அனுமதி. 2019இல் ரஷ்யாவின் கசானில் நீர்த் தொழில்நுட்பப் பிரிவில் நம் நாட்டுக்கு முதல் தங்கம் கிடைத்தது, 2024இல் பிரான்சின் லியோனில் நான்கு வெண்கலம். ஃபிட்டர் என்று தனிப் பிரிவு கிடையாது, ஆனால் கை இவ்வளவு படிந்த பையன் சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) பக்கம் போனால் முயன்று பார்க்கலாம். அதற்கான மாவட்டத் தேர்வில் தோற்றாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஸ்டுட்கார்ட் தமிழன்:

இங்கே ஜெர்மனியில் தொழில் பழகி முடித்தவர்களுக்கு நடக்கும் விழாவுக்கு ஃப்ரைஷ்ப்ரெஹுங் என்று பெயர். 'விடுவித்தோம் என்று அறிவிப்பது' என்று சொல்லலாம். பழைய காலத்தில் மாணவன் ஆசானிடம் கட்டுப்பட்டிருந்தான் அல்லவா, அதிலிருந்து விடுவிப்பது. தச்சு பழகியவர்கள் கடைசியில் தாங்களே வரைந்து ஒரு மேசையோ அலமாரியோ செய்ய வேண்டும். அதை ஊர் பார்க்கக் கண்காட்சி வைப்பார்கள். பாட்டி தாத்தா எல்லாம் வந்து இழுப்பறையை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள்.

அச்சுத் தொழிலில்தான் வேடிக்கை. பழகி முடித்தவனை நாலு பேர் தூக்கி, ஈரப் பஞ்சின்மேல் உட்கார வைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி எடுப்பார்கள். கையால் காகிதம் செய்த காலத்து வழக்கம், 'கௌட்ஷென்' என்ற பெயரும் அந்தக் காகித வேலையிலிருந்து வந்ததுதான். நனைந்ததற்கு முத்திரை போட்ட பத்திரமும் உண்டு. எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஒரு அச்சகம் இருந்தது. கோட்டு போட்ட முதலாளியே தொட்டிக்குத் தண்ணீர் தூக்கி ஊற்றியதை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். மணப்பாறையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள் அக்கா.

கரூர் வெல்டர்:

ஆயுத பூஜைதான் வருகிறதே. வேறு நாள் எதற்கு?

மணப்பாறை அக்கா:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், நேற்றுதான் ஆயுத பூஜை முடிந்தது.

தம்பி கூச்சப்பட்டுக்கொண்டு போய்க் கேட்டான். வாத்தியார் அலமாரியைத் திறந்து அவனுடைய டவ்டெயிலையே எடுத்துக் கொடுத்துவிட்டாராம். "அடுத்த பேட்ச்சுக்குக் காட்டலாம்னு வச்சிருந்தேன், பரவாயில்ல" என்றாராம். எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான்.

எங்கள் வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வழக்கமாக அம்மாவின் தையல் மெஷின் கத்தரியும் என் பில் நோட்டும்தான் இருக்கும். இந்த முறை நடுவில் அந்தத் துண்டு. சித்தப்பா, சித்தி, 560 வாங்கிய பெண்ணின் அம்மா, எல்லாரையும் பொரி சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். சந்தனம் வைக்கப் போனபோது "மூட்டுல வைக்காதக்கா, துருப்பிடிக்கும்" என்று கத்தினான். அதனால் தாள்மேல் வைத்தேன்.

பூஜை முடிந்ததும் துவாக்குடி ஐயா சொன்னதை நானே செய்தேன். துண்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, "வெளிச்சம் தெரியுதா பாருங்க" என்றேன். சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிரித்துத் திருப்பிப் போட்டான், அப்போதும் அதே மாதிரி போய் உட்கார்ந்தது. "மெஷின்ல வெட்டுனதா?" என்றார் சித்தப்பா. "கையில" என்றான். அதற்கப்புறம் அவர் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை, இரண்டாவது தடவை பொரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மாதான் ஆச்சரியம். 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறவர். இணைப்பின்மேல் நகத்தை வைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட்டினார். நகம் எங்கும் தடுக்கவில்லை. திரும்பவும் ஓட்டினார். "கை வச்சித் தச்ச மூட்டுக்கூட இப்படி வராதுடா" என்றார். அவன் அந்தப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் பால் வாங்கப் போகும்போது செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் காணோம். டீக்கடையில் காட்டிவிட்டுத்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

காலிப்பரும் வாங்கிக் கொடுத்தேன். திருச்சியில் 4,000க்குள் அடங்கிவிட்டது, பஸ் காசு போக மீதியும் இருந்தது. வாங்கியதிலிருந்து வீட்டில் ஒரு பொருளை விடவில்லை. அப்பளத்தின் தடிமன், அம்மா வளையலின் உள் வட்டம், இட்லித் தட்டின் குழி ஆழம் எல்லாம் அளந்தாயிற்று. நான்கு குழியும் நான்கு ஆழமாம், இட்லி ஒரே அளவாக வராததற்கு அதுதான் காரணமாம். அம்மா கரண்டியை எடுத்தார்.

இப்போது பிரச்சினை வேறு. துணி வெட்டும்போது நகராமல் இருக்க அந்த டவ்டெயிலை அம்மா பாரமாக வைக்க ஆரம்பித்துவிட்டார். இன்று காலை எண்ணெய்க் கறை பட்டு ஒரு கஸ்டமரின் ஜாக்கெட் துணி போய்விட்டது. துவாக்குடி ஐயா, துருவும் பிடிக்கக் கூடாது, கறையும் படக் கூடாது என்றால் அதன்மேல் என்ன தடவலாம்?

துவாக்குடி ஃபிட்டர் (ஓய்வு):

எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, மெல்லிசாக ஒரு கோட் நிறமில்லா வார்னிஷ் அடியுங்கள். பொருந்துகிற முகங்களில் மட்டும் படக் கூடாது, அப்புறம் உள்ளே போகாது. அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள்.