பதினொரு அறிக்கைகளில் ஒரே தையல் இயந்திரம்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: வார இறுதி விரிவுரையாளர், வெள்ளவத்தை

கொழும்பில் உள்ள தனியார் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் வார இறுதி நாட்களில் வணிக முகாமைத்துவம் கற்பித்து வருகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்துக்கான கற்கைநெறி என்பதால் ஒப்படைகள் யாவும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். இந்தத் தவணையில் 34 பேருக்கு நான் கொடுத்த ஒப்படை கடினமானதன்று. வீட்டுக்கு அருகில் உள்ள சிறு வியாபாரம் ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் உரிமையாளரை நேரில் சந்தித்து, முதலீடு எங்கிருந்து வந்தது, 2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் இருந்த மாதங்களை எப்படித் தாண்டினார் என்பவற்றைக் கேட்டு, 3000 சொற்களில் எழுத வேண்டும்.

திருத்தத் தொடங்கிய இரண்டாம் நாள் இரவு, தெகிவளையில் உள்ள ஒரு பேக்கரியைப் பற்றிய அறிக்கை கையில் வந்தது. அதில், உரிமையாளர் தமது முதலாவது வங்கிக் கடனில் இரண்டு தையல் இயந்திரங்கள் வாங்கினார் என்று ஒரு வசனம் இருந்தது. கைதவறிய பிழை என்று எண்ணி வட்டமிட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் சிகையலங்கார நிலையம் நடத்துபவரும் முதற் கடனில் இரண்டு தையல் இயந்திரங்கள் வாங்கியிருந்தார். அதன்பின் நித்திரை வரவில்லை. 34 அறிக்கைகளையும் தரையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, 11 அறிக்கைகள் ஒரே மூலத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பது தெளிவாயிற்று. எங்கள் நிறுவனம் இறுதி ஆண்டு ஆய்வேடுகளை மட்டுமே ஒப்புநோக்கும் மென்பொருளுக்கு உட்படுத்துகிறது. இவ்வாறான சிறிய ஒப்படைகளுக்கு என் கண்கள்தான் காவல்.

நிருவாகத்திடம் அறிவித்தேன். மாணவர்களை அழைத்து அமைதியாக மீண்டும் எழுதச் சொல்லுமாறும், எழுத்தில் எதையும் பதிவுசெய்ய வேண்டாம் என்றும் பதில் கிடைத்தது. கட்டணம் செலுத்திப் படிக்கும் பிள்ளைகளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் கூறிய காரணம். 11 பேரையும் சித்தியடையாதவர்கள் என அறிவிப்பதற்கு எனக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்வதும் முழு நியாயமாகத் தோன்றவில்லை. இந்தத் தவறில் மாணவரின் பங்கு எவ்வளவு, நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, என்னுடைய பங்கு எவ்வளவு என்று நான் உண்மையாகவே அறிய விரும்புகிறேன். கற்பிப்பவர்களும் படிப்பவர்களும் பெற்றோரும் தங்கள் கருத்தைக் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கணக்காளர், தெகிவளை

விரிவுரையாளர் அவர்களே, பங்கு பிரிப்பதில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மாணவர்கள் வாக்களிக்கும் வயதினர். அவர்களுள் சிலர் ஏற்கெனவே தொழில் பார்ப்பவர்களாகவும் இருப்பார்கள். சந்திக்காத ஒருவரைச் சந்தித்ததாக எழுதிக் கையொப்பமிட்டது அவர்களுடைய கை. எங்கள் அலுவலகத்தில் ஆட்சேர்ப்பு நேர்முகங்களில் நானும் அமர்வதுண்டு. சில மாதங்களுக்கு முன்பு, நல்ல சித்தி பெற்ற ஒரு பட்டதாரியிடம் அவருடைய சொந்த ஆய்வேட்டின் தலைப்பை விளக்குமாறு கேட்டபோது, அவர் வியர்த்துப்போய்ச் சுயவிபரக்கோவையைத் திரும்பிப் பார்த்தார். வறுமை, மொழிக் கஷ்டம், நேரமின்மை எல்லாம் உண்மைதான்; ஆனால் அதே கஷ்டங்களுடன் நேர்மையாக எழுதிய 23 பேர் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். 11 பேருக்கு இரங்கும்போது அந்த 23 பேருக்கு நாம் என்ன சொல்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

கணக்காளர் தம்பி சொன்ன 23 பேரைப் பற்றிய வாதத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். எனினும், அந்த 11 பேரும் இந்தப் பழக்கத்தைத் தம் இருபதாவது வயதில் திடீரென்று கற்றுக்கொண்டிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 31 ஆண்டுகள் பாடசாலையில் இருந்தவன் என்ற வகையில், அதன் ஒரு பகுதியை எங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் கற்றார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பரீட்சை மண்டபங்களில் நோக்குநராகப் பல ஆண்டுகள் கடமையாற்றியிருக்கிறேன். அடிமட்டத்தின் பின்புறத்தில் பென்சிலால் சூத்திரங்களை எழுதி வந்த சிறுவன் ஒருவனைச் சாதாரண தரப் பரீட்சையில் பிடித்தேன். எழுத்து அவ்வளவு சிறியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரிந்தது. அதை எழுதுவதற்கு அவன் செலவழித்த நேரத்தில் அந்தச் சூத்திரங்களை மனனம் செய்திருக்கலாம் என்பதுதான் அன்று என்னை வாட்டிய எண்ணம். அத்தகைய குற்றங்களுக்காக 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இருக்கிறது; ஆளுக்கு ஆள் மாறி எழுதுவது, வினாத்தாளை வெளியிடுவது எல்லாம் அதன் பிடிக்குள் வரும். ஆனால் வகுப்பறையில் கொடுக்கப்படும் செயற்றிட்டத்துக்கும் ஒப்படைக்கும் அந்தச் சட்டத்தின் காவல் கிடையாது. அங்கே ஆசிரியரின் கண்தான் சட்டம்.

அந்தக் கண் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன். ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு நான் ஒருமுறை சுற்றாடல் பற்றிய செயற்றிட்டம் கொடுத்தேன். ஒரு பிள்ளை வண்ணத்தில் அச்சிட்டு, சுருள் கம்பி கட்டிய கோப்பு ஒன்றைத் தந்தது. கடைசிப் பக்கத்தின் உட்புறத்தில் கடையின் விலைச்சீட்டு அகற்றப்படாமலே இருந்தது. இன்னொரு பிள்ளை தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கானைப் பற்றிக் கொப்பித் தாளில் கோணல் எழுத்தில் எழுதி, நீரின் நிறம் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருப்பதைக் குறித்திருந்தது. நான் முதலாமவருக்கு 18 புள்ளியும் இரண்டாமவருக்கு 11 புள்ளியும் கொடுத்தேன். 20க்குத்தான். அந்த வகுப்பில் இருந்த 40 பிள்ளைகளும் அன்று என்ன கற்றிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பெரியவர்களின் தவறுக்குச் சிறியவர்கள் விலை கொடுப்பதை நாம் அண்மையிலும் கண்டோம். 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதால் அந்தப் பரீட்சை இரத்துச் செய்யப்பட்டு, மாணவர்கள் மீண்டும் அமர நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வினாக்கள் சில வெளியானபோது, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, டிசம்பர் 31ஆம் திகதி, மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குமாறு தீர்ப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் அந்த மூன்று மாதங்களும் தாங்கள் எழுதிய பரீட்சை செல்லுமா, செல்லாதா என்று தெரியாமல் இருந்தார்கள். வினாத்தாளைக் கசியவிட்டவர் பிள்ளையல்லவே.

பதில் 3: முன்பு எழுதிக் கொடுத்தவர்

நான் கணக்கின் மறுபக்கத்தில் நின்றவன் என்பதால் பெயர் சொல்ல விரும்பவில்லை. வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் அறையில் இருந்துகொண்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மற்றவர்களின் ஒப்படைகளைச் சொற்கணக்கில் பணம் பெற்று எழுதிக் கொடுத்தேன். உள்ளூர் மாணவர்களும் இருந்தார்கள். பெரும்பாலானோர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர்கள். அவுஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இவ்வாறு எழுதி விற்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றின. அந்தச் சட்டங்கள் குறிவைப்பது விற்பவரையும் விளம்பரம் செய்பவரையும்தான்; வாங்கும் மாணவரைத் தண்டிப்பதைக் கல்வி நிறுவனங்களிடம் விட்டுவிட்டன. ஆகவே பொறுப்பைப் பற்றிப் பேசும்போது என்னைப் போன்றவர்களை மறந்துவிட வேண்டாம்.

நான் அதைக் கைவிட்டதற்குக் காரணம் ஒரேயொரு ஒப்படை. முதியோர் இல்லத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் தம் அனுபவத்தைத் தாமே மீட்டுப் பார்த்து எழுத வேண்டிய குறிப்பேடு அது. தம் பராமரிப்பில் இருந்த ஒருவர் இறந்தபோது தாம் என்ன உணர்ந்தார் என்று அவர் எழுத வேண்டும். அவர் எனக்குத் தந்தது பயிற்சி நாட்களின் பட்டியல் மட்டுமே. எழுதுவதற்கு எதுவும் இல்லாமல், வவுனியாவில் என் அம்மம்மா இறந்த இரவை எழுதினேன். அவருடைய கால்களை நான் துணியால் போர்த்தியதை, அறையில் இருந்த சித்தாலேபைத் தைல வாசத்தை, எல்லாவற்றையும் ஊர் பெயரை மட்டும் நீக்கிவிட்டு எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களின் பின் அந்த நபர் நன்றி சொல்லி, விரிவுரையாளரின் குறிப்பை எனக்கு அனுப்பிவைத்தார். உள்ளத்தைத் திறந்து நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள் என்று அதில் இருந்தது. அந்தப் பணத்தை என்னால் செலவழிக்க முடியவில்லை. அந்த விரிவுரையாளர் தம் மாணவரை அழைத்து ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசியிருந்தால் உண்மை வெளிவந்திருக்கும். எழுதியவர் யார் என்று அறியும் தேவை எவருக்கும் இருக்கவில்லை.

பதில் 4: மூன்றாம் வருட மாணவி

விரிவுரையாளர் மிஸ், நான் ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்திலிருந்து வந்து கொழும்பில் படிக்கிறேன். கொப்பியடிப்பது தவறு என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் எங்களிடம் எது தவறு என்று எப்போது சொல்லப்பட்டது என்பதையும் கேட்க விரும்புகிறேன்.

உயர்தரம் வரை ஆசிரியர் சொல்லச் சொல்ல நோட்ஸ் எழுதினோம். டியூஷன் வகுப்பில் அச்சிட்டுத் தந்த குறிப்பான டியூட்டை மனனம் செய்தோம். ஒரு சொல் மாறாமல் விடைத்தாளில் எழுதியவருக்கே அதிக புள்ளி என்று சேர்மார் எச்சரித்தார்கள். புள்ளித்திட்டத்தில் உள்ள சொற்கள் இல்லாவிட்டால் புள்ளி போய்விடும் என்று பயந்தோம். பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே, பிறர் வசனத்தை அப்படியே எழுதினால் அது கருத்துத்திருட்டு என்றார்கள். உசாத்துணை இடுவது எப்படி என்பதற்கு ஒரேயொரு மணிநேர விரிவுரை நடந்தது, அதுவும் ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் நல்ல பிள்ளை என்ற பெயரை வாங்கித் தந்த பழக்கம் ஒரு மாதத்தில் குற்றமாகியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடந்த வருடம் என் ஒப்படையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியதாக ஒரு மென்பொருள் காட்டியது. நான் அப்படிச் செய்யவில்லை. எளிய சொற்களும் ஒரே மாதிரியான சிறு வசனங்களும் இயந்திர எழுத்தாகத் தோன்றலாம் என்பது பின்புதான் தெரிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் காட்டின. சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது.

என்னைக் காப்பாற்றியது ஒரு சிஆர் கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட குறிப்புக் கொப்பி. வாசித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் முதலில் தமிழில் சாரம் எழுதி, தெரியாத ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்தில் பொருள் எழுதி, அதன் பிறகே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவது என் வழக்கம். அதை விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் நான் தவறாக விளங்கிக்கொண்ட கருத்தைத் திருத்தியும் தந்துவிட்டு, குற்றச்சாட்டை மீளப் பெற்றார். மூன்று வருடத்தில் என் எழுத்தை ஒருவர் முழுமையாக வாசித்தது அன்றுதான்.

மீண்டும்: வார இறுதி விரிவுரையாளர்

அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாக இந்தப் பதில்களைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, இன்று என் வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன்.

11 பேரையும் தனித்தனியாக அழைத்தேன். பேக்கரி அறிக்கை எழுதிய மாணவர் மறுக்கவில்லை. சென்ற ஆண்டு சீனியர் ஒருவர் எழுதிய தையற்கடை அறிக்கையை வாங்கி மாற்றியதாகச் சொன்னார். அதே நிறுவனத்தில், அதே விரிவுரையாளரிடம் கொடுக்கும் துணிவு எப்படி வந்தது என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "மிஸ் வாசிக்கமாட்டா, பக்கத்தைத்தான் எண்ணுவா என்று சொன்னார்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து சென்ற ஆண்டின் கோப்புகளைத் திறந்தேன். அந்தத் தையற்கடை அறிக்கைக்கு நான் எழுதியிருந்த குறிப்பு "நன்று, தொடர்க" என்ற இரண்டு சொற்கள். அந்தப் பட்ச்சில் 26 பேருக்கு அதே இரண்டு சொற்களை எழுதியிருக்கிறேன். ஒப்படையோ மூன்று ஆண்டுகளாக ஓர் எழுத்தும் மாறாதது. ஓர் அறிக்கையைத் திருத்துவதற்கு எங்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு மிகக் குறைவு என்பதும், அதை முழுமையாக வாசித்தால் ஒரு மணிநேரம் ஆகும் என்பதும் உண்மை. அதை இப்போது நிருவாகத்துக்கு எழுத்தில் அறிவித்திருக்கிறேன். ஆனால் கொடுப்பனவு போதாது என்று இதற்கு முன்பு நான் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை; வாசித்ததாகக் கையொப்பமிட்டேன். சந்திக்காதவரைச் சந்தித்ததாக என் மாணவர்கள் எழுதியதற்கும் இதற்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

11 பேருக்கும் இந்த ஒப்படைக்குப் பூச்சியம் இட்டு, காரணத்தையும் பதிவுசெய்திருக்கிறேன்; கணக்காளர் அவர்கள் சொன்ன 23 பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த 11 பேரும் மீண்டும் எழுதலாம். ஆனால் ஒவ்வொருவரும் சனிக்கிழமைகளில் என்னுடன் 15 நிமிடம் அமர்ந்து, கடைக்காரர் சொன்னவற்றைத் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாயால் சொல்ல வேண்டும். பேக்கரி மாணவருக்கு முதலாவது நேரம். காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிஆர் கொப்பியில் ஓர் ஒப்படைக்கு ஏறக்குறைய எத்தனை பக்கங்கள் ஆகின்றன, தமிழ்ச் சாரம் எழுத எத்தனை நாள் பிடிக்கிறது என்பதைச் சொல்ல முடியுமா? அடுத்த தவணையில் அறிக்கைக்கு முன்பு அத்தகைய குறிப்புகளையே கேட்டு வாங்கலாம் என்று எண்ணுகிறேன். 34 கொப்பிகளை என்னால் எத்தனை நாளில் வாசித்து முடிக்க முடியும் என்று முதலில் கணக்கிட வேண்டும்.