புதுப்பிப்பு: 1996 மாருதி 800, சூடானால் செல்ஃப் எடுக்காத பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: என் பழைய கார்புரேட்டர் வண்டி, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி நெரிசலில் நின்று சூடானால் 'டிக்' சத்தத்தோடு சரி, செல்ஃப் எடுக்காது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேட்டரி, செல்ஃப் மோட்டார் மாற்றச் சொன்னார்கள் பலர். நல்லவேளை, வாங்கவில்லை. "முதல்ல எர்த்தை அளந்து பாருங்கண்ணே" என்று ஒரு தம்பி சொன்னதுதான் சரி. எர்த் என்றால் பேட்டரி மைனசை இன்ஜினோடு இணைக்கும் பட்டை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனசுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரில் 2.1 வோல்ட். அவ்வளவும் வழியிலேயே வீணாகிறது என்று அர்த்தம்; அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. காசிமேட்டு உப்புக்காற்றில் எர்த் பட்டை உள்ளுக்குள் பச்சை பூத்துப் பொடிந்திருந்தது.

புதுப்பேட்டையில் தடிமனான கேபிள், அதன் முனைகளில் போல்ட் மாட்டும் லக் இரண்டு, எல்லாம் சேர்த்து 380 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தை எமரித்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டி, மேலே வாசலின் தடவினேன். இப்போது 0.2 வோல்ட். மூன்று வாரமாக ஒரே அடியில் ஸ்டார்ட்.

எதிர்பாராதது ஒன்று: அடிக்கடி இறுகிக்கொண்ட ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் இதுதான் காரணம். எர்த் சரியில்லாததால் கரன்ட் அந்தக் கேபிள் வழியே திரும்பி, உள்ளுறையை உருக்கியிருக்கிறது. எர்த்தைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் மாற்றாதீர்கள், புதுசும் உருகும்.

பேட்டரிக்கு ஒதுக்கிய பணத்தில் அடுத்து ஹெட்லைட்டுக்கு ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) போடப்போகிறேன்.