பிள்ளை பெற்ற உடம்புக்குச் சுறாப் புட்டு: வேறு மீனில் அந்த ருசி வருமா?

தேவிபட்டினம் டீச்சர்:

எல்லா அக்காமாருக்கும் வணக்கம். மகள் பிறந்து இன்றோடு 47 நாள். தேவிபட்டினத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அரசுப் பள்ளி வேலை என்பதால் 12 மாதம் விடுப்பு. (2021-க்கு முன்னால் 9 மாதம்தான். என் அக்கா தவழ்கிற பிள்ளையை விட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.)

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுறாப் புட்டு தின்ன வேண்டும். ராத்திரி இரண்டரை மணிக்குப் பால் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தால் அந்தப் பூண்டு வாசனை மூக்கில் வந்து நிற்கிறது. மாசமாக இருந்தபோதும் ஆசை வந்தது. தையில் பனங்கிழங்கு, அப்புறம் கீழக்கரைத் தொதல், அதற்கப்புறம் உப்பு தொட்டுக்கொண்டு புளியங்காய். கேட்டதெல்லாம் கிடைத்தது, தின்றேன், ஆசையும் போய்விட்டது. இது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

இது அப்பத்தா வைத்த ஆசை. எங்கள் வீட்டில் யார் பிள்ளை பெற்று வந்தாலும், பால் ஊறும் என்று அப்பத்தா பால் சுறா வாங்கி வரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மணல்தாள் மாதிரி இருக்கிற தோலைச் சுடச்சுட உரிக்கும். சதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து உதிர்க்கும். மண்சட்டியில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், ஒரு கை நிறையப் பூண்டு, மிளகு, சீரகம், பேருக்கு ஒரு பச்சை மிளகாய். அத்தைக்கு எடுத்து வைத்தபிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, எனக்கு ஓர் உருண்டை கொடுக்கும். அப்பத்தா போய் மூன்று வருஷம் ஆகிறது.

அம்மா போன மாதமே சுறாவுக்குச் சொல்லி வைத்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது, ஜூன் 14 வரை நாட்டுப்படகில் வருகிற மீன்தான். அதனால் கிடைக்கத் தாமதம். அதற்குள் 45 நாள் ஊசிக்குப் போன இடத்தில் நர்சம்மா சொல்லிவிட்டார்: "சுறா வேண்டாம், பாதரசம் இருக்கும், பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும்."

வருகிற வழி முழுக்க அம்மா ஆட்டோவில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒன்றே ஒன்று கேட்டது: "அப்போ உங்களையெல்லாம் நான் விஷம் கொடுத்தா வளர்த்தேன்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பால் சுறா சின்ன சாதிதானே, நர்சம்மா சொன்னது அதற்கும் பொருந்துமா? வேறு எந்த மீனில் புட்டு அதே மாதிரி உதிரும்? நேற்று சூடை மீனில் செய்து பார்த்தேன். முள்ளை எடுத்து முடிப்பதற்குள் பிள்ளை இரண்டு தடவை எழுந்துவிட்டாள், கடைசியில் கிடைத்தது கூழ்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் சிஸ்டர்:

தங்கச்சி, நானும் செவிலிதான், இரண்டு பிள்ளை பெற்றவள். உங்கள் நர்சம்மா சொன்னது சரி. கடலில் இருக்கிற பாதரசம் சின்ன மீனுக்குள் கொஞ்சமாகப் போகும். அதைத் தின்கிற மீனுக்குள் சேரும், அதையும் தின்கிற சுறாவுக்குள் இன்னும் சேரும். வருஷக்கணக்கில் வாழ்கிற பெரிய மீன் என்றால் நிறைய. அவித்தாலும் பிழிந்தாலும் போகாது, அது சதையிலேயே கலந்திருக்கிறது. வளர்கிற மூளையையும் நரம்பையும்தான் பாதிக்கும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை வைத்திருக்கிறது.

ஆனால் பயந்துவிட வேண்டாம். வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்குப் போவதைவிடப் பால் வழியாகப் போவது குறைவு. எப்போதோ ஒரு நாள் தின்றதால் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். மீனையே நிறுத்திவிடவும் கூடாது. வாரம் இரண்டு மூன்று நாள் சின்ன மீன் சாப்பிடுங்கள், பிள்ளைக்கு நல்லது.

இன்னொன்று. பால் ஊறுவது பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான். பாலூட்டுகிற முதல் 6 மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. இரண்டரை மணிக்கு உங்களுக்கு வருவது முழுக்க ஆசை இல்லை, நிஜமான பசி. தலைமாட்டில் இரண்டு உளுந்து உருண்டையும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை உடம்பு என்று யாராவது தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

பாம்பன் மீன்காரி மகள்:

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா முப்பது வருஷமாகக் கூடையில் மீன் விற்கிறது.

"பால் சுறா சின்ன சாதிதான், அந்தப் பிள்ளை சொல்வது சரி. ஆனால் பெரிய சுறாவைத் துண்டு போட்டுப் பால் சுறா என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். தோல் உரித்த துண்டில் எனக்கே வித்தியாசம் தெரியாது. தலையும் வாலுமாக முழு மீனாகப் பார்த்தால்தான் நம்பலாம். அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல். நான் நான்கு பெற்றேன். நான்குக்கும் காரல்தான். மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளி மாதிரி இருக்கும். பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, புளியைக் குறைத்துத் தண்ணிக்குழம்பாக வைத்துக் குடிக்கச் சொல். புட்டுதான் வேண்டும் என்றால் கிழங்கான் வாங்கச் சொல்."

கீழக்கரை ராத்தா:

பாம்பன் அக்கா சொன்ன கிழங்கானேதான், தங்கச்சி. எங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்றவளுக்கு அதைத்தான் கொடுப்போம். ஆனால் சுறாவுக்குச் செய்கிற மாதிரி தண்ணீரில் போட்டு அவிக்காதே. சுறாவில் முள் கிடையாது, குருத்தெலும்புதான், சதையும் இறுக்கம். கிழங்கான் பூ மாதிரி, தண்ணீரில் போட்டால் குடித்துவிடும். இட்லித் தட்டில் துணி விரித்து, மஞ்சள் உப்பு தடவிய மீனை வரிசையாக வைத்து ஆவியில் எட்டு நிமிஷம். ஆறினதும் வால் பக்கம் பிடித்துத் தூக்கினால் நடுமுள் அப்படியே சீப்பு மாதிரி வந்துவிடும். வயிற்றுப் பக்கம் சின்ன முள் இருக்கும், விரலால் தடவித் தடவி எடு. சட்டியில் போட்டபிறகு கரண்டியின் பின்பக்கத்தால் குத்தக் கூடாது, அடியிலிருந்து புரட்ட வேண்டும். தீ சிம்மில் இருக்கட்டும். ஈரம் போய் ஓரத்தில் எண்ணெய் தெரிகிறவரை பொறுமையாக நில்.

உன் சூடை குழம்புக்கும் வறுவலுக்கும்தான், அதில் புட்டு வராது.

தேவிபட்டினம் டீச்சர்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலையில் நாட்டுப்படகில் கிழங்கான் வந்தது, அரைக் கிலோ வாங்கினோம்.

சிஸ்டர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒன்றும் ஆகியிருக்காது" என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னது. அப்புறம் நானே கேட்டேன்: "சின்ன வயதில் எங்களுக்கு வாரத்தில் நான்கு நாள் என்ன குழம்பு வைத்தாய்?" "காரல்தான், வேறு எது மலிவு?" என்றது. "அந்த மாதிரி சின்ன மீனைத்தான் சிஸ்டரும் தின்னச் சொல்கிறார்" என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அப்பத்தாவின் மண்சட்டியைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவியது.

நடுமுள் ராத்தா சொன்ன மாதிரியே சீப்பாக வந்தது. புரட்டும்போது அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. பாதியில் கரண்டியை வாங்கி, "பூண்டு பத்தாது" என்று இன்னும் ஏழெட்டுப் பல் தட்டிப் போட்டது. அதற்கப்புறம்தான் அந்த வாசனை வந்தது. சுறாவில் பல்லுக்குக் கொஞ்சம் நார் தட்டுப்படும், இதில் அது இல்லை. வாயில் வைத்ததும் கரைகிறது. ஆனால் மிளகும் பூண்டும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்தக் காரம் அப்பத்தாவுடையதேதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சட்டியில் ஒட்டியிருந்ததில் அம்மா சோற்றைப் போட்டுப் பிரட்டியது. ஓர் உருண்டை எனக்கு, ஓர் உருண்டை தனக்கு. நாளைக்கு முக்கால் கிலோவாக வாங்கச் சொல்லியிருக்கிறது.