மறுமொழி: மெக்கட்ரானிக்ஸ் – ‘உணர்பொறியியல்’ சரிவருமா?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

பல்கேரியாவின் சோஃபியா நகரிலுள்ள ‘நேஷனல் சென்டர் ஆஃப் மெக்கட்ரானிக்ஸ் அண்ட் க்ளீன் டெக்னாலஜீஸ்’ என்னும் ஆய்வு மையத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் தோழி நம்மிடம் கேட்டது, அதற்குத் தமிழில் ஒரு பெயர். மெக்கட்ரானிக்ஸ் என்பது இயந்திரமும் மின்னணுவும் கூடிச் செயல்படும் பொறியியல் துறை. மூன்று நாளில் ஒன்பது கொடுத்திருக்கிறோம். ஐயா முன்வைத்த ‘தேசிய இயந்திர மின்னணுவியல் மற்றும் தூய்மைத் தொழில்நுட்பங்கள் ஆராய்ச்சி மையம்’ என்பதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பொருளில்தான் எனக்குத் தகராறு.

எளியதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘தூய்மைத் தொழில்நுட்பம்’ வேண்டாம். தூய்மைப் பணியாளர், தூய்மை இந்தியா என்று பழகிய காதுக்கு அது குப்பை வண்டியையும் சாக்கடை அடைப்பு எடுக்கும் எந்திரத்தையும்தான் காட்டும். அங்கே பேசப்படுவது அழுக்கை அகற்றும் நுட்பம் அன்று. ஆற்றலையும் பொருளையும் ஆக்கும்போதே மாசை அதிகம் கக்காத நுட்பம். ‘மாசில் தொழில்நுட்பம்’ என்று நேற்று ஒருவர் எழுதியது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மாசில்’ என்பதை ‘மாசிலே’ என்றும் படிக்கலாமே! தவிர, மாசே இல்லாத நுட்பம் எது? சூரியத் தகட்டுக்கான சிலிக்கனை எடுக்கவும் உலை எரிய வேண்டும். ‘மாசுகுறை தொழில்நுட்பம்’ என்றால் பொய் சொல்லாமல் தப்பிக்கலாம்.

இனி மெக்கட்ரானிக்ஸ்.

> ஐயா எழுதியது: மூலச்சொல்லில் இயந்திரமும் மின்னணுவும் இருக்கின்றன. நாமும் அந்த இரண்டை வைத்தால் போதுமே.

ஐயா, 1969-இல் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனப் பொறியாளர் டெட்சுரோ மோரி அந்தச் சொல்லைக் கட்டியபோது இரண்டும் போதுமானவையாக இருந்தன. நிறுவனம் அதைத் தன் வணிகக்குறியாகப் பதிவுசெய்து வைத்திருந்து, 1980களில் விட்டுக்கொடுத்தது. பிறகு சொல் ஊர் ஊராகப் போனது. போன இடமெல்லாம் பொருள் பெருத்தது. கட்டுப்பாட்டியலும் கணினியும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. பல்கேரியர் சொல்லாக்கத் தலைவலியே இல்லாமல் ‘மெஹாட்ரோனிகா’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மோரி வைத்த இரண்டு துண்டுகளை இன்று நாம் மொழிபெயர்த்தால், பெயர் மட்டும் 1969-இல் நின்றுவிடும்.

காரில் இருக்கும் ஏபிஎஸ் பிரேக்கைப் பாருங்கள். 1978-இல் போஷ் நிறுவனம் மெர்சிடீஸின் எஸ் வகைக் கார்களுக்குக் கொடுத்தது இது. சக்கரத்தருகே ஓர் உணரி (சென்சார்) சுழற்சி வேகத்தை அளந்துகொண்டே இருக்கிறது. ஈரச் சாலையில் ஓட்டுநர் பதறி மிதிக்கிறார். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்பதைக் கட்டுப்பாட்டுச் சுற்று கண்டுகொள்கிறது. வால்வு திறந்து பிரேக் எண்ணெயின் அழுத்தம் தளர்கிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி தளர்கிறது. நொடிக்குப் பல முறை. இதில் இயந்திரம் எது, மின்னணு எது என்று பிரித்துக்காட்டலாம். ஆனால் அதைச் சாதாரண பிரேக்கிலிருந்து வேறாக்குவது, அது உணர்ந்து நடக்கிறது என்பதுதான்.

அதனால் ‘உணர்பொறி’. உணர்ந்த, உணர்கின்ற, உணரும் பொறி என்று முக்காலமும் பொருந்தும் வினைத்தொகை, ஊறுகாய் போல. ஊறுகாயில் ‘க்’ மிகாதது போல இங்கே ‘ப்’ மிகாது. தயவுசெய்து யாரும் ‘உணர்ப்பொறி’ ஆக்கிவிட வேண்டாம். துறை உணர்பொறியியல், ஆள் உணர்பொறியாளர், இடம் உணர்பொறி ஆய்வகம். இயந்திர மின்னணுவியலிலிருந்து ஓர் ஆளுக்குப் பெயர் உண்டாக்கிப் பாருங்கள், கட்டுரை பாதியில் நின்றுவிடும்.

‘மற்றும்’ எதற்கு? ஒரு காற்புள்ளி போதும். ‘ஆராய்ச்சி’யும் பல்கேரியப் பெயரில் இல்லை. என் பரிந்துரை: தேசிய உணர்பொறியியல், மாசுகுறை தொழில்நுட்ப மையம்.

---

தம்பிக்கு,

மாசுகுறையை ஏற்கிறேன். குறை என்பது பெயர்ச்சொல்லும்தான். ‘மாசும் குறையும்’ என்று யாராவது கேலி செய்வார்கள், செய்யட்டும். உணர்பொறியில்தான் மனம் ஒப்பவில்லை. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தும் ஐம்பொறி என்று படித்த மாணவன், உணர்பொறி என்றால் காதைத் தொட்டுக் காட்டுவான். உணரிக்கும் இதற்கும் குழப்பம் வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

---

ஐயா, வெப்பமானியும் உணர்கிறது. ஆனால் அதை யாரும் பொறி என்பதில்லை. உணர்வதோடு நிற்பது உணரி. உணர்ந்தபின் எதையாவது அசைப்பது உணர்பொறி. காதை அசைக்கத் தெரிந்தவர்களைப் பற்றி எனக்குக் கருத்தில்லை.

---

இருவருக்கும் நன்றி. கட்டுரையில் முதல் இடத்தில் ‘மெக்கட்ரானிக்ஸ் எனப்படும் உணர்பொறியியல்’ என்றும், அதன்பின் உணர்பொறியியல் என்றும் எழுதிவிட்டேன். இந்த மையம் ஒரே கட்டடம் அன்று. பல்கேரிய அறிவியல் கழகத்தின் ஆய்வு நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் கூடி அமைத்தது. அப்படிக் கூடிய அமைப்பைக் ‘கூட்டமைப்பு’ என்பதா, ‘கூட்டிணைவு’ என்பதா? அவசரமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் போதும்.