காரைக்குடியில் என்ன வாங்கலாம், எதில் கவனம் தேவை?

கேள்வி: விமானத்தில் திரும்புகிறோம். ஆத்தங்குடி கல் (பூப்போட்ட தரை ஓடு), கண்டாங்கிச் சேலை, பழைய சாமான் எல்லாம் பார்க்க ஆசை. எதில் ஏமாறுவோம்?

பதில் 1: அண்ணே, எட்டு அங்குலக் கல் ஒன்றே ரெண்டு கிலோ பக்கம் வரும். நினைவுக்கு நாலு போதும். கண்ணாடிமேல் சாயம் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, சூளையில் சுடுவதில்லை. பதம் குறைந்தால் ஓரம் உதிரும், விரலால் தேய்த்துப் பாருங்கள். பூப்பக்கம் பூப்பக்கத்தோடு, நடுவில் காகிதம் வைத்து நிற்கவைத்துக் கட்டச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் நடுவில் விரியும். வீட்டில் ஆசிட் கூடவே கூடாது, சாயத்தை அரித்துவிடும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுங்கும்.

பதில் 2: கண்டாங்கிக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறிச் சேலையும் அதே பெயரில் விற்கிறார்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா பாருங்கள். முதல் அலசல் தனியாக, உப்புத் தண்ணீரில்.

பதில் 3: முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கிடைக்கும். வெளிநாடு போகிறவர் என்றால் உஷார்: 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருசம் தாண்டிய சிலை, ஓவியம், மரச்செதுக்கு கொண்டுபோக முடியாது. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' சான்று வாங்குங்கள். பனையோலைக் கொட்டானுக்கு (கூடை) இந்தத் தலைவலி இல்லை, ஈரம் பட்டால்தான் பூஞ்சை.